கவுன்சிலிங்: தனியாகப் போவதா, ஜோடியாகப் போவதா?

வீட்டில் சண்டை ஓயவில்லை, கவுன்சிலிங் போகலாம் என்று முடிவெடுத்தாயிற்று. அப்புறம்தான் குழப்பம்: நான் மட்டும் போவதா, துணையையும் அழைத்துப் போவதா?

எதைக் கையில் எடுக்கிறார்கள்?

தனியாக: உங்கள் எண்ணங்களை. 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் சிகிச்சை) முறையில், "போனை எடுக்கவில்லை, அப்படியானால் என்னை மதிக்கவில்லை" என்று மனம் தாவும் இடத்தைத் தாளில் எழுதச் சொல்வார்கள். வேறு காரணம் இருக்குமா என்று பிறகு பார்ப்பார்கள்.

ஜோடியாக: இருவருக்கும் நடுவே சுழலும் சண்டையை. 1980களில் உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்கும் வகுத்த இஎஃப்டி (உணர்வுகளை மையமாக வைக்கும் சிகிச்சை) முறை இதற்கானது. ஒருவர் குரலை உயர்த்துகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார், அந்த மௌனமே இவர் கோபத்தை இன்னும் கிளப்புகிறது. கத்தலுக்கு அடியில் பல நேரம் "என்னை விட்டுப் போய்விடுவாயோ" என்ற பயம்தான் இருக்கும். அதைத் துணையே நேரில் கேட்கும் கணம் தனி அமர்வில் கிடைக்காது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

ரகசியம்?

தனியாக: சிக்கல் குறைவு.
ஜோடியாக: நீங்கள் தனியே சொன்னதை ஆலோசகர் துணையிடம் சொல்வாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆலோசகருக்கு ஆலோசகர் விதி மாறும்.

மனச்சோர்வு, பதற்றம் என்றால் தனியாகத் தொடங்கலாம். துணை வர மறுத்தாலும் சரி, காத்திருக்க வேண்டாம். ஒரே சண்டை வேறு வேறு காரணத்தோடு திரும்பி வந்தால் ஜோடியாகப் போங்கள். ஆனால் அடியோ மிரட்டலோ இருந்தால் சேர்ந்து போகவே வேண்டாம். அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழலாம்.