பிரேக் அடித்தால் லாரி இழுப்பது நின்றுவிட்டதா? லோடு ஏற்றும் முன் இதைப் படியுங்கள்

லாரி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். பிரேக் அடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். நன்றாக இருந்த பக்கத்துப் பிரேக்கையும் தளர்த்திவிட்டு, "சரி பண்ணியாச்சு" என்று திருப்பித் தந்தார்கள். இழுப்பு நின்றிருந்தது. முன் அச்சில் பிரேக்கும் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது.

என் வண்டி ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் வேலை செய்வது), நாலு மூலையிலும் டிரம் பிரேக். சாதாரணமாக ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக விட்டாலும் நேராகத்தான் போகும். பிரேக் மிதித்தால் மட்டும் இடது பக்கம் இழுக்கும், காலை எடுத்ததும் நேராகிவிடும். இதைத்தான் பட்டறையில் முதலில் சொன்னேன். ஏனென்றால் பாதி விடை இதிலேயே இருக்கிறது. எப்போதும் இழுத்தால் டயர் காற்று, அலைன்மென்ட், அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரேக்கில் மட்டும் இழுத்தால் முதலில் பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும். மெக்கானிக் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "கிங் பின் போயிருக்கும் அண்ணே, அலைன்மென்டும் பண்ணிடலாம்" என்றார். கிங் பின் என்பது முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி. அப்புறம் வந்த பில்லில் கிங் பின் செட், அலைன்மென்ட், முன்பக்கப் பிரேக் ஓவர்ஹால் என்று எல்லாம் இருந்தது. பழைய சாமானைக் கேட்டேன். குப்பையில் போய்விட்டதாம்.

காலியாக ஓட்டிப் பார்த்தபோது வண்டி நேராக நின்றது. லோடு ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் நின்றது. பெடல் அழுத்தத்தில் குறை இல்லை, கேஜில் காற்றும் முழுதாக இருந்தது. இறக்கத்தில் ஒரு தடவை பிரேக் அடித்தபோது பின் டயர்கள்தான் வண்டியைப் பிடித்தன. முன்பக்கம் வெறுமனே உருண்டது. அதற்கு மேல் லோடோடு அந்த வண்டியை ஓட்ட மனம் வரவில்லை. ஓரங்கட்டிவிட்டு வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, என்ஜினை நிறுத்தினார். காற்று 90 முதல் 100 பிஎஸ்ஐக்குள் (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பிரேக் சேம்பரிலிருந்து (காற்று போய் அழுத்தும் டப்பா) வெளியே வரும் புஷ் ராடில் (பிரேக்கைத் தள்ளும் கம்பி), சேம்பரின் வாயை ஒட்டிச் சாக்பீசால் ஒரு கோடு போட்டுவிட்டு, பெடலை முழுதாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தக் கோடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இந்தத் தூரம்தான் வீச்சு. முன்பக்கம் இருப்பது 24 எண் சேம்பர். அந்த எண் உள்ளே இருக்கும் டயாபிரத்தின் (ரப்பர் சவ்வின்) பரப்பைச் சதுர அங்குலத்தில் சொல்வது. வழக்கமான 24 எண் சேம்பரில் இந்த வீச்சு 1¾ அங்குலத்தை, அதாவது சுமார் 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 30 எண் என்றால் 2 அங்குலம். நீள வீச்சு வகை சேம்பருக்கு மட்டும் அளவு வேறு.

வலது பக்கம் அளவுக்குள்தான் இருந்தது. இடது பக்கம் கோடு எல்லையைத் தாண்டி வெளியே வந்து நின்றது.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். 24 சதுர அங்குலத்தில் 100 பிஎஸ்ஐ காற்று அழுத்தினால் 2,400 பவுண்டு விசை கிடைக்க வேண்டும். வீச்சு எல்லைக்குள் இருக்கும்வரை ஏறக்குறைய அது கிடைக்கும். தாண்டினால் விசை சட்டென்று விழுந்துவிடும், ராடு கடைசிவரை போய் முட்டினால் லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பகுதி) டிரம்மை அழுத்தவே அழுத்தாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இறக்கத்தில் டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், வீச்சு இன்னும் கூடும். ஆறிய நிலையில் ஏதோ பிடிக்கிற பிரேக், மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

அப்படியானால் ஆரம்பத்தில் இடது பக்கம் ஏன் இழுத்தது? எந்தப் பக்கம் பிரேக் பலமாகப் பிடிக்கிறதோ, அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். இடது பக்கம் இழுத்தால், பெரும்பாலும் வலது பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வலது சக்கரத்தை அவர் கழற்றப் போகும்போதே என்னைக் கூப்பிட்டு ஹப் கப்பைக் காட்டினார். போல்ட் தலைகளைச் சுற்றிக் காய்ந்த சேறும் துருவும் ஒரே பூச்சாக இருந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. "இதைத் திறக்காம எப்படிண்ணே ஓவர்ஹால் பண்ணாங்க?" என்று கேட்டார். உள்ளே ஹப் ஆயில் சீல் கிழிந்து, கிரீஸ் வழிந்து, லைனிங் தூளோடு கலந்து கருப்புப் பசையாக டிரம்மெல்லாம் அப்பியிருந்தது. லைனிங் பளபளவென்று மின்னியது. விரலால் தொட்டால் வழுக்கியது. ஒரு சீல் போனதுதான் மொத்தக் கோளாறும். கிங் பின்னுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பட்டறைக்காரர்கள் அதைத் தொடவே இல்லை. இடது ஸ்லாக் அட்ஜஸ்டரை (புஷ் ராடின் தள்ளலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் கை; லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் திருகிச் சரிசெய்வதும் இதில்தான்) மட்டும் தளர்த்தி, அந்தப் பக்கமும் பிடிக்காதபடி செய்துவிட்டார்கள். ஒரு கால் நொண்டுகிறது என்று நல்ல காலையும் கட்டிப்போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பிடிப்பை இழந்ததால் வண்டி நேராக நின்றது. செய்யாத வேலைக்குப் பில் போட்டுக் காசு வாங்கியதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். லோடு வண்டியில் தெரிந்தே பிரேக்கைக் குறைத்து அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த வண்டிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் குறுக்கே வந்திருக்கலாம்.

படங்களோடு பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "இழுக்குதுன்னு சொன்னீங்க, இப்ப இழுக்குதா?" என்றுதான் பதில் வந்தது. பணம் திரும்பவில்லை. அளந்த கணக்கு, போல்ட் படம், பில் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

புதிய மெக்கானிக் சீலை மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே கம்பெனி லைனிங் போட்டார். கிரீஸ் ஏறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். லைனிங் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும், டிரம் சூடானால் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றினாலும் இழுப்புத் திரும்ப வரும். இரண்டு பக்கமும் சேம்பர் எண், ஸ்லாக் அட்ஜஸ்டர் கையின் நீளம், டிரம் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் அளந்து காட்டினார்.

எல்லா இழுப்பும் ஆயில் சீலால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெடல் மிதித்ததும் இழுத்து, அடுத்த நொடி நேரானால், ஒரு பக்கத்துக்குக் காற்று தாமதமாகப் போகிறது. ஹோஸ் மடங்கியிருக்கிறதா, உள்ளே அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காலை எடுத்த பிறகும் இழுத்தால், இழுக்கிற பக்கத்தில் பிரேக் விடவில்லை. ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், லைனிங்கை விரிக்கும் கேமின் புஷ் இறுகியிருக்கலாம். பிரேக்கில் ஸ்டியரிங் வெடுக்கென்று கையைத் திருப்பினால் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட், சென்டர் போல்ட், பட்டை புஷ் தளர்ந்து அச்சே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் பிரேக் போட்டு ஓட்டிவிட்டு, வெப்பம் அளக்கும் கன்னை ஒவ்வொரு டிரம்மிலும் காட்டினால் போதும். மற்றவை சூடாக இருக்க, ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், கொப்பளித்துவிடும்.

உங்கள் வண்டியில் எந்தச் சாமானும் மாற்றாமல், ஸ்லாக் அட்ஜஸ்டரை மட்டும் திருகி "இழுப்பு நின்னாச்சு" என்று யாராவது தந்திருந்தால், அடுத்த லோடு ஏற்றும் முன் முன்பக்கம் இரண்டு புஷ் ராடையும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியாக இருந்தால் அதைக் கையால் திருகவே விடாதீர்கள். வீச்சு கூடியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, திருகினால் அது மறைந்துதான் போகும்.