இரும்புச்சத்து மாத்திரை: அட்டையின் விலையும் அதிலுள்ள இரும்பும்

ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளில் எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை, என் தங்கை பிரசவத்துக்குப் பின் சாப்பிட்டுவந்த இரண்டு வகைகளை வைத்து எழுதுகிறேன். ஒன்று, தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றித் தரப்படும் சிவப்பு மாத்திரை. மற்றொன்று, தனியார் மருத்துவர்கள் பரவலாக எழுதும் ஃபெரஸ் அஸ்கார்பேட் (வைட்டமின் சி சேர்ந்த இரும்பு உப்பு) மாத்திரை. ஓரோஃபர் எக்ஸ்டி போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை.

வாங்குமுன் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது பெயர் மட்டுமே. தனிம இரும்பின் அளவு, அதாவது உப்பின் எடையில் உள்ள அசல் இரும்பு எவ்வளவு என்பது, பின்னால் பொடி எழுத்தில்தான் இருக்கும். 152 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட் என்று போட்டிருந்தால் அதில் தனிம இரும்பு ஏறக்குறைய 50 மி.கி.தான், 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 35 மி.கி. மட்டுமே. அஸ்கார்பேட் அட்டையிலோ பெரும்பாலும் தனிம இரும்பே 100 மி.கி. என்று நேரடியாகக் குறித்து, 1.5 மி.கி. ஃபோலிக் அமிலமும் (ஒரு பி வைட்டமின்) சேர்த்திருப்பார்கள். அரசின் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அஸ்கார்பேட் மாத்திரை பத்து கொண்ட ஓர் அட்டை பெயர்பெற்ற நிறுவனத்தினுடையது என்றால் 100 ரூபாயை எளிதில் தாண்டிவிடுகிறது. நாளுக்கு ஒன்று வீதம் மாதத்துக்கு மூன்று அட்டை தேவை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இருப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதங்கள் தொடரச் சொல்வது வழக்கம் என்பதால், மொத்தச் செலவு ஒரு சாதாரணக் குடும்பத்துக்குச் சுமையாகிவிடுகிறது. பலர் பாதியில் நிறுத்திவிடுவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதே மூலப்பொருள் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கிடைக்குமானால் விலை வெகுவாகக் குறையும். மருந்துச் சீட்டைக் காட்டி, நிறுவனப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விலை கூடியது கூடுதலாக வேலை செய்கிறதா என்றால், ரத்தம் ஊறும் விஷயத்தில் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. அளவு கூடக் கூட, குடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது. எஞ்சிய இரும்பு குடலிலேயே தங்கி, மலச்சிக்கலையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. ஒரு வேளை இரும்பு சாப்பிட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை அடுத்த வேளை இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவர்களின் உடலில் இரும்பு அதிகம் சேர்ந்தது. வயிற்றைப் புரட்டுபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது, அவர்கள் தினமும் சாப்பிட வேண்டும் என்பதே அரசின் நடைமுறை.

சிவப்பு மாத்திரையில் குறை இல்லாமல் இல்லை. மேற்பூச்சு கரைந்ததும் நாக்கில் துருவேறிய சுவை தங்குகிறது, வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டுகிறது. அதைவிடப் பெரிய குறை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை என்பதே. என் தங்கை காலைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். காபியும் தேநீரும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; கால்சியம் மாத்திரையையும் உடன் சேர்க்கக் கூடாது; தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடனிருந்தால் நல்லது. மலம் கறுத்துப் போவது இயல்பு, அதைக் கண்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

மெதுவாகக் கரையும் என்று விளம்பரப்படுத்தப்படும் மேல்பூச்சு மாத்திரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில்தான். அந்த இடத்தைக் கடந்தபின் கரையும் மாத்திரைக்குக் கூடுதல் விலை தருவது வீண். துத்தநாகம், பி12 என்று அடுக்கிச் சேர்த்தவையும் அப்படியே, அந்தக் குறைபாடு பரிசோதனையில் தெரிந்தால் ஒழிய.

மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுவதற்குமுன் ரத்தப் பரிசோதனை அவசியம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உடையவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், அவர்கள் எல்லாருக்கும் இரும்பு தேவைப்படாது. பரிசோதனைக்குப் பின், குமட்டல் இல்லாதவர்களுக்கு அரசு மாத்திரையே போதும் என்பது என் முடிவு. பொறுக்க முடியாதவர்கள் மலிவு மருந்தகத்தின் அஸ்கார்பேட்டுக்கு மாறலாம். எதை வாங்கினாலும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்: மிட்டாய் போலிருக்கும் இந்தச் சிவப்பு மாத்திரைகளைச் சிறு குழந்தை சில விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.