ஹீத்லாந்து மாடுகளைத் தினமும் யார் பார்ப்பது: தன்னார்வலரா, சம்பள ஆளா, கழுத்துப்பட்டையா?

தெற்கு இங்கிலாந்தின் ஹீத்லாந்து எனப்படும் புதர்வெளிக் காப்பகங்களில் மேயும் மாடுகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அங்கே மண் மணற்பாங்கானது, அமிலத்தன்மை உள்ளது, சத்து குறைவு. ஊதாப் பூ பூக்கும் ஹெதர், மஞ்சள் பூவும் முள்ளுமாக கோர்ஸ் புதர், நடுநடுவே வெறும் மணல். பார்த்தால் இயற்கையாக அமைந்த தரிசு என்றுதான் தோன்றும். உண்மையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் காட்டைத் திருத்தி, மாடு மேய்த்து, விறகு வெட்டி, எரிப்பதற்காகப் புல்தரையைத் துண்டு துண்டாகச் செதுக்கி எடுத்ததால் திறந்தே கிடந்த நிலம் அது. அந்தப் பழக்கங்கள் நின்றதும் பிர்ச் மரமும் பைன் மரமும் முளைத்து மூட ஆரம்பித்தன. மற்ற இடங்களில் உழவும் கட்டடங்களும் பைன் தோட்டங்களும் நிலத்தை விழுங்கின. 1800-க்குப் பிறகு பிரிட்டனின் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டுகளில் மணல் பல்லியும் டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் குருவியும், தரையில் முட்டையிடும் பக்கிப் பறவையும் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

பிர்ச் கன்றையும் முரட்டுப் புல்லையும் தின்று, மிதித்து, நிலத்தைத் திறந்து வைக்கத்தான் பெல்டட் கேலோவே, ஹைலேண்ட், லாங்ஹார்ன், பிரிட்டிஷ் ஒயிட் போன்ற, கடுமையைத் தாங்கும் இன மாடுகளை மறுபடி இறக்கினார்கள். சரி, இறக்கியாயிற்று. நம்மூர் கீதாரி மாதிரி நாள் முழுக்கக் கூடவே நடக்கிற ஆள் அங்கே கிடையாது. மாட்டுக்காரர் பல மைல் தள்ளி இருக்கிறார். ஆனால் சட்டம் விடுவதாக இல்லை. மனிதர் அடிக்கடி கவனித்தால்தான் நலமாக இருக்கும் என்ற நிலையில் வளர்க்கப்படும் கால்நடைகளை நாளுக்கு ஒருமுறையாவது நன்றாகப் பார்வையிட வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 2007 பண்ணை விலங்கு நல விதிமுறை. மற்றவற்றையும் துன்பப்படாமல் தடுக்கப் போதுமான இடைவெளியில் பார்த்தாக வேண்டும். அதனால் பெரும்பாலான காப்பகங்கள் நாளுக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்கின்றன.

யார் போய்ப் பார்ப்பது என்பதற்கு இப்போது மூன்று பதில்கள் போட்டியிடுகின்றன. முதலாவது, முறை போட்டு வரும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளான வைல்ட்லைஃப் டிரஸ்டுகள் பலவும் நேஷனல் டிரஸ்டும் இப்படித்தான் செய்கின்றன. பிரைட்டன் நகரசபை ஆடுகளுக்கு இதே ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அந்தத் தன்னார்வலர்களை அங்கே லுக்கர் என்பார்கள். இரண்டாவது, மாட்டுக்காரரோ சம்பளத்துக்கு வைத்த ஆளோ. மூன்றாவது, செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை.

முதலில் மாட்டைக் கண்டுபிடிப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். சில நூறு ஏக்கரில் பத்துப் பதினைந்து மாடு. வெயில் ஏறினால் பைன் நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், ஈ மொய்த்தால் காற்றடிக்கும் மேட்டுக்கு ஏறிவிடும். பெல்டட் கேலோவேயின் இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருப்பதால் புதருக்குள்ளும் எண்ணிவிடலாம். கருப்பு டெக்ஸ்டர் இனம் என்றால் கஷ்டம்தான். பழகிய தன்னார்வலருக்கு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று தெரியும், புதியவர் இரண்டு மணி நேரம் சுற்றுவார். இந்தப் பந்தயத்தில் கழுத்துப்பட்டைக்கு எதிரியே இல்லை. வீட்டில் டீ குடித்துக்கொண்டே கைபேசியில் எல்லாப் புள்ளிகளையும் பார்த்துவிடலாம்.

நோஃபென்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் பட்டைதான் இதில் முன்னோடி. இடத்தைக் காட்டுவது அதற்குக் கிளைவேலை, முக்கிய வேலை வேலி. கைபேசியில் வரைபடத்தின் மேல் ஒரு கோடு போட்டால் போதும். மாடு கோட்டை நெருங்கியதும் பட்டை ஓசை எழுப்பும். மேலே போகப் போக ஓசை உயரும். அதற்கும் திரும்பாவிட்டால் ஒரு சின்ன மின் அதிர்வு. பெரும்பாலான மாடுகள் சில நாளில் ஓசைக்கே திரும்பக் கற்றுக்கொள்கின்றன. லண்டன் மாநகராட்சியின் கையிலுள்ள எப்பிங் காட்டில் லாங்ஹார்ன் மாடுகளுக்கு முன்பு நிலத்தடியில் கேபிள் புதைத்த வேலி இருந்தது. இப்போது இந்தப் பட்டைக்கு மாறிவிட்டார்கள். ஹீத்துக்கு இது வரப்பிரசாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கிலாந்தின் பொதுமேய்ச்சல் நிலத்தில் புதிதாக வேலி போட 2006 காமன்ஸ் சட்டப்படி அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கொதித்தெழுவார்கள், விசாரணை வருடக்கணக்கில் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத வேலி என்றால் அந்தத் தலைவலி பெருமளவு இல்லை. பக்கி முட்டையிட்டிருக்கும் பகுதியை அந்த இரண்டு மாதம் மட்டும் ஒதுக்கி வைப்பது போன்ற நுணுக்கத்தைக் கம்பி வேலியால் செய்யவே முடியாது.

ஆனால் வேலியாக நல்ல பேர் வாங்கிய பட்டையைக் காவலாளியாகவும் நம்பிவிடுகிறார்கள். அங்கேதான் நான் முரண்படுகிறேன்.

கண்நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் விவசாயிகள் இதை நியூ ஃபாரஸ்ட் ஐ என்கிறார்கள், அதாவது ஒரு ஹீத்லாந்தின் பேரையே வைத்திருக்கிறார்கள். ஈக்கள் பரப்பும் பாக்டீரியா நோய். முதல் அறிகுறி, ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் ஈரக்கோடு. அப்புறம் வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கும். அந்த நிலையில் பிடித்தால் மருந்தில் சரியாகிவிடும். விட்டால் விழிவெண்படலத்தில் புண் விழுந்து பார்வையே போகலாம். ஈரக்கோடு தெரியும் கட்டத்தில் அந்த மாடு வழக்கம்போல நடக்கும், மேயும். திரையில் புள்ளி ஆரோக்கியமாக நகர்ந்துகொண்டிருக்கும். உண்ணி கடித்து வரும் ரெட்வாட்டர் காய்ச்சலும் அப்படித்தான். பெரணியும் புதரும் அடர்ந்த இடங்களில் உண்ணி ஏராளம். நோய் கண்ட மாட்டின் மூத்திரம் செந்நிறமாகப் போகும். அதைப் பார்க்க மாடு மூத்திரம் பெய்யும்போது ஒரு மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு வழி கிடையாது. நெடுநேரம் அசையாமல் கிடந்தால் பட்டை எச்சரிக்கை அனுப்பும், உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கை வரும்போது மாடு பெரும்பாலும் விழுந்துவிட்டிருக்கும்.

அதனால்தான் தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரும் முறையில் தூரம் முக்கியம். முதலில் தள்ளி நின்று கூட்டத்தைப் பார்க்கச் சொல்வார்கள்: எல்லாம் சேர்ந்திருக்கின்றனவா, எது ஒதுங்கி நிற்கிறது, எது அசை போடுகிறது. பிறகு மெல்லக் கிட்டே போய்ப் படுத்திருப்பதை எழுப்ப வேண்டும். எழுந்ததும் சோம்பல் முறித்தால் நல்லது. நாலு காலும் ஒரே அளவில் ஊன்றுகிறதா, இடது பக்க வயிறு ஒட்டியிருக்கிறதா உப்பியிருக்கிறதா, சாணம் எப்படி, மடியில் ஈ மொய்க்கிறதா, காது வில்லை இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டியை ஏனோ எல்லோரும் அசட்டையாக நினைக்கிறார்கள். கோடையில் ஒரு பெரிய மாடு நாளுக்கு 50 லிட்டருக்கு மேலும் குடிக்கும். மிதவை வால்வு மாட்டிக்கொண்டு தொட்டி காய்ந்தால் மந்தை முழுவதற்கும் ஆபத்து. எந்தக் கழுத்துப்பட்டையும் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் சம்பள ஆளே போதாதா, அவருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம் ஆயிற்றே? திறமையில் அவரை அடிக்க ஆளில்லை. நியூ ஃபாரஸ்ட்டில் மேய்ச்சல் உரிமைக்காரர்களின் ஆயிரக்கணக்கான குதிரைகளையும் மாடுகளையும் ஏஜிஸ்டர்கள் என்ற சம்பள ஆட்கள் ஒரு சிலர்தான் மேற்பார்வை செய்கிறார்கள். அந்தக் காட்டின் மேய்ச்சலை நிர்வகிக்கும் வெர்டரர்கள் மன்றம் அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஏஜிஸ்டரின் பகுதிக்கும் ஒரு பாணி உண்டு. அந்தப் பாணியில் குதிரை வாலை வெட்டிவிடுவதால், தூரத்திலிருந்தே அது எந்தப் பகுதிக் குதிரை, கட்டணம் கட்டியாயிற்றா என்று தெரிந்துவிடும். நள்ளிரவில் சாலையில் கார் மோதினாலும் அவர்கள்தான் ஓட வேண்டும். அபாரமான ஏற்பாடு. ஆனால் அது நிற்பது நூற்றாண்டுகளாக வந்த மேய்ச்சல் உரிமையின் மேல், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தும் ஒரு சமூகத்தின் மேல். அதோடு தம் மாட்டைப் பார்க்கும் அன்றாடப் பொறுப்பு அங்கேயும் உரிமையாளர்களுக்குத்தான். பதினைந்து மாடு மேயும் ஒரு சின்னக் காப்பகம் இதை நகல் எடுக்க முடியாது. வாரத்தில் ஏழு நாள், போகவர ஒரு மணி நேரம், பார்க்க ஒரு மணி நேரம் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது. மாட்டுக்காரர் தாமே வருகிறார் என்றால் கன்று ஈனும் காலத்திலும் வைக்கோல் அறுவடையிலும் ஹீத்தில் இருக்கும் மாடுதான் கடைசி வரிசைக்குப் போகும். கண்ணெதிரே இருக்கும் வேலை முந்திக்கொள்கிறது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செலவுக் கணக்கில் தன்னார்வலர் இலவசம் என்று எழுதுவதும் தப்புக் கணக்கு. பயிற்சி, காப்பீடு, மேலங்கி இதெல்லாம் பெரிதில்லை. முறைப் பட்டியல் போடுவது, வராத ஆளுக்கு மாற்று தேடுவது, கிறிஸ்துமஸ் வாரத்தில் கெஞ்சுவது, இதற்கே ஓர் ஊழியரின் வேலைநேரத்தில் கணிசமான பகுதி போய்விடும். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். பனி உறைந்த ஜனவரியில் முறைப் பட்டியலில் ஓட்டை விழும். நல்லவேளையாகப் பல காப்பகங்களில் குளிர்காலத்தில் மாட்டைப் பண்ணைக்குத் திருப்பிவிடுகிறார்கள். கழுத்துப்பட்டைக்கும் குளிர்காலம் ஆகாது: சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் பேட்டரி மர நிழலிலும் டிசம்பர் இருட்டிலும் சோர்ந்துபோகும், யாராவது போய் மாற்ற வேண்டும். தொலைபேசிச் சிக்னல் இல்லாத பள்ளத்தில் மாடு நின்றால் வேலி வேலை செய்யும், செய்தி வராது. பட்டை கழுத்தை உரசிப் புண்ணாக்குகிறதா என்று பார்க்கவும் ஆள்தான் வேண்டும்.

தன்னார்வலரின் பெரிய பலவீனம் வேறு. நோய் தெரிந்தாலும் அவரால் மாட்டைத் தொட முடியாது; பிடிக்கும் கூண்டும் இல்லை, அனுமதியும் இல்லை. அவர் செய்யக்கூடியது ஒரு போன். எடுப்பவர் 'இதற்கெல்லாமா கூப்பிடுவது' என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், அடுத்தமுறை உண்மையாகவே நொண்டும் மாட்டைப் பார்த்தும் 'நாளை வருகிறவர் பார்க்கட்டும்' என்று போய்விடுவார். பத்தில் எட்டு அழைப்பு வீண் என்றாலும் மாட்டுக்காரர் முகம் சுளிக்காமல் எடுக்கிறாரா என்பதை வைத்தே ஒரு தன்னார்வலர் குழுவின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு வேலையைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. இந்தக் காப்பகங்களில் மாட்டைவிட நாயோடு நடப்பவர்கள் அதிகம். நாய்ச் சாணத்தில் வரும் நியோஸ்போரா ஒட்டுண்ணியால் மாட்டுக்குக் கன்று கலையலாம். கன்றோடு இருக்கும் பசு நாயைக் கண்டால் துரத்தும். அப்போது நாயைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பளிச்சென்ற மேலங்கியோடு நிற்கும் உள்ளூர்ப் பாட்டி ஒருவர் இதை நின்று பேசிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வாசலில் மாட்டிய பலகையை யார் படிக்கிறார்கள்? மேய்ச்சலுக்கு எதிராக ஊரில் முணுமுணுப்பு எழும்போது மாட்டின் சார்பில் வாயைத் திறப்பதும் இதே ஆட்கள்தான்.

ஆக என் தேர்வு இடத்தைப் பொறுத்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் சமமாக மதிப்பெண் போட மாட்டேன். ஊர் ஓரத்தில், தினம் நூறு பேர் நடக்கும் ஹீத் என்றால் தன்னார்வலருக்கு முதலிடம், கேள்வியே இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்த, பரந்த நிலத்தில் சம்பள ஆளும் பட்டையும். சாலை குறுக்கே ஓடும் திறந்த நிலத்திலும், 2020 மே மாதம் தர்ஸ்லி காமன் என்ற ஹீத்தில் பிடித்தது போன்ற தீ வரக்கூடிய காய்ந்த இடத்திலும், மாடு எங்கே என்பது உடனே தெரிய வேண்டியிருப்பதால் பட்டை அவசியம் என்பேன். பட்டை மட்டும், மனிதர் வாரம் ஒருமுறை என்ற ஏற்பாட்டை எந்த இடத்துக்கும் ஏற்க முடியாது. நோஃபென்ஸுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் காப்பகங்கள், அதே தாளில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்க ஒரு பகுதிநேர ஊழியரின் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்கட்டும். பட்டை தேடும் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தால், அந்த நேரத்தில் மாட்டின் கண்ணைப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா.