பிபிசி மைக்ரோ மாடல் பி: இன்றைய பட்டறை வேலைக்கு ஆகுமா?

டிராயிங் போட, பிசிபி டிசைன் செய்ய, எக்செல் ஷீட்டில் கணக்குப் பார்க்க என்று யாராவது பழைய ஹோம் கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தால், வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் ரிலேயை ஆன் ஆஃப் செய்வது, சென்சார் வோல்டேஜை அளப்பது, ஒரே போர்டை சலிக்காமல் திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்வது மாதிரி வேலை உங்களுடையது என்றால், 1981 டிசம்பரில் வெளிவந்த இந்த பிபிசி மைக்ரோ மாடல் பி இன்றைக்கும் கூலிக்குக் குறைவில்லாமல் வேலை செய்கிறது. பழைய சாமான் மீதான பாசத்தில் சொல்லவில்லை, என் மேசையில் அது இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் எப்போதோ பரணுக்குப் போயிருக்கும்.

தெரியாதவர்களுக்காக: கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி, பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காகச் செய்த மெஷின் இது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கிலோபைட் ரேம், அதே அளவு ரோம். அறிவித்தபோது மாடல் பி விலை 335 பவுண்டு, கொஞ்ச நாளிலேயே 399 ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டுக்கும் இது புதுசில்லை. 1984ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்தது இந்த மெஷினைத்தான், மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் இதையே உரிமம் வாங்கித் தயாரித்தது. ஐம்பதைத் தாண்டியவர்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் இதன் கீபோர்டின் கறுப்புச் சாவிகளையும் வரிசையில் மேலே இருக்கும் சிவப்புச் சாவிகளையும் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு வேலை கோயம்புத்தூரில், மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் சம்பந்தப்பட்டது. ஸ்டார்-டெல்டா டைமர் போர்டு (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது) சரிபார்ப்பதும், சுற்றி முடித்த மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் அடித்து ஓவனில் வைக்கும்போது வெப்பம் எப்படி ஏறுகிறது என்று பதிவு செய்வதும்தான் முக்கியமாக இதில் செய்வது. இரண்டுமே பெரிய விஞ்ஞானம் இல்லை, ஆனால் இரண்டுக்கும் கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் ஒயரைத் தொட வேண்டும். இந்த மெஷினின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், யூசர் போர்ட், அனலாக் போர்ட், ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ், பிரிண்டர் போர்ட் என்று வரிசையாக வெளியே வருவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எண்பதுகளில் லேபில் வைப்பதற்கென்றே ஆட்கள் இதைத் தேடி வாங்கியதற்கு இதுதான் காரணம். இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலி ஆய்வகத்தில் 42 அடி டெலஸ்கோப்பைத் திருப்ப 2004லும் ஒரு பிபிசி மைக்ரோ வேலையில் இருந்ததாகச் செய்தி வந்தது.

சரி, யூசர் போர்ட்டுக்கு வருவோம். 6522 என்ற இன்புட்-அவுட்புட் சிப்பின் எட்டு லைன்கள் நேராக வெளியே வருகின்றன, கூடவே 5 வோல்ட்டும். எந்த லைன் உள்ளே, எந்த லைன் வெளியே என்பதை நாமே தீர்மானிக்கலாம். நான் நான்கை வெளியே வைத்து யூஎல்என்2003 சிப் வழியாக ரிலேக்களை ஓட்டுகிறேன், மீதி நான்கு, ஒயர் தொடர்பே இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக உள்ளே வருகின்றன (415 வோல்ட் பக்கமும் இந்தப் போர்ட்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது, இதில் சோம்பல் வேண்டாம்). இப்போது கீபோர்டில் ஒரு கேள்விக்குறி, போர்ட்டின் முகவரி, சமம் ஒன்று என்று அடித்து ரிட்டர்ன் தட்டினால் ரிலே ‘டிக்’ என்கிறது. பூஜ்ஜியம் அடித்தால் விடுகிறது. கம்பைல் கிடையாது, அப்லோட் கிடையாது, டிரைவர் கிடையாது, எந்த காம் போர்ட் என்று தேடுவது கிடையாது. சுவிட்சைப் போட்டால் இரண்டு சுருதியில் ஒரு பீப், உடனே கர்சர்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது ஆர்டுயினோ பற்றித்தான். சில நூறு ரூபாய்க்கு இதைவிட வேகமான சிப், அதிக பின், கைக்குள் அடங்கும் அளவு. நியாயமான கேள்வி. ஒரு போர்டுக்குள் வைத்து மூடிக் கஸ்டமரிடம் அனுப்ப வேண்டிய எதற்கும் நானும் அதைத்தான் போடுகிறேன். வித்தியாசம் வேலை இன்னும் என்னவென்றே தெரியாத கட்டத்தில் இருக்கிறது. புதுசாக ஒரு டைமர் போர்டு வருகிறது, ஸ்டார் ரிலே விட்ட பிறகு டெல்டா பிடிப்பதில் ஏதோ தகராறு, எங்கே என்று தெரியவில்லை. அப்போது ஒரு லைனைத் தட்டி, இன்னொரு லைனைப் படித்து, திரையில் எண்ணைப் பார்த்து, அடுத்ததை யோசித்து அடித்து, இப்படிப் போர்டோடு பேச்சுக் கொடுக்க முடிகிற கருவி வேண்டும். கீபோர்டு, திரை, மொழி, பின் நான்கும் ஒரே பெட்டியில் இருப்பதால் இங்கே அது கை போன போக்கில் நடக்கிறது. மைக்ரோபைத்தான் போட்ட போர்டுகள் இதற்குக் கிட்டத்தில் வருகின்றன, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் பக்கத்தில் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்து, அது நடுவில் அப்டேட் கேட்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொழியும் பாதி காரணம். பிபிசி பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். அந்தக் காலத்து மற்ற ஹோம் கம்ப்யூட்டர்களின் பேசிக்கோடு இதைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். பெயர் வைத்த புரொசீஜர், லோக்கல் வேரியபிள், ரிபீட்-அன்டில், 32 பிட் முழு எண் எல்லாம் உண்டு. அதைவிட, பேசிக் புரோகிராமின் நடுவிலேயே சதுர அடைப்புக்குறி போட்டு 6502 அசெம்ப்ளி எழுதலாம், தனி மென்பொருள் தேவையில்லை. பிற்பாடு இதே சோஃபி வில்சன் ஏஆர்எம் சிப்பின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தபோது அதை முதலில் பிபிசி பேசிக்கில்தான் ஓட்டிப் பார்த்தார். 1985 ஏப்ரல் 26ல் உயிர் பெற்ற முதல் ஏஆர்எம்மும் பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் சோதிக்கப்பட்டது. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனின் பாட்டன் இந்த மாதிரி ஒரு மேசையில் பிறந்தவன்.

ஸ்டார்-டெல்டா இடைவெளியை அளக்க அந்த அசெம்ப்ளர்தான் கைகொடுக்கிறது. பேசிக்கின் டைம் என்ற கடிகாரம் நூறில் ஒரு பங்கு விநாடிக்குக் கீழே காட்டாது, இடைவெளியோ ஐம்பது மில்லிசெகண்ட் பக்கம். 6522க்குள் இருக்கும் டைமர் மைக்ரோசெகண்ட் கணக்கில் ஓடுகிறது, 16 பிட் என்பதால் 65 மில்லிசெகண்ட் வரை ஒரே ஓட்டத்தில் பிடிக்கலாம். இன்டரப்டை நிறுத்திவிட்டு சின்ன லூப் ஒன்றில் லைனைப் பார்த்துக்கொண்டே இருந்தால், சில மைக்ரோசெகண்ட் பிசகில் விடை வருகிறது, ரிலே கான்டாக்ட் பிடிக்கும்போது குதிப்பதுகூடத் தெரிகிறது. ஒரு நுணுக்கம் மட்டும்: பிராசசர் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் 6522ஐத் தொடும்போது ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி ஒத்துப்போகும், அதனால் சைக்கிள் எண்ணிப் போட்ட கணக்கு அரை மைக்ரோசெகண்ட் அளவில் ஆடும். ரிலே வேலைக்கு இது தூசு.

அனலாக் போர்ட் கதை வேறு. காகிதத்தில் அழகாக இருக்கிறது: நான்கு சேனல், 12 பிட் கன்வெர்ட்டர், பேசிக்கில் அட்வால் என்று ஒரே சொல், எண் வந்துவிடும். நடைமுறையில் பத்து பிட்டுக்கு மேல் நம்ப முடியாது, ஒரு கன்வெர்ஷனுக்குப் பத்து மில்லிசெகண்ட் ஆவதால் நான்கு சேனலும் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு இருபத்தைந்து அளவுதான். ஓவன் வெப்பத்துக்கு அதுவே எக்கச்சக்கம். முழு அளவு சுமார் 1.8 வோல்ட், எல்எம்35 சென்சார் டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட் தரும், அதாவது நடுவில் ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லாமல் 180 டிகிரி வரை அளவுக்குள் வருகிறது (சென்சாரே 150க்கு மேல் தாங்காது), டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கலாம். இதுவரை சந்தோஷம்.

வில்லங்கம் அந்த 1.8 வோல்ட்டில் இருக்கிறது. அது ஒழுங்கான ரெஃபரன்ஸ் சிப்பிலிருந்து வரவில்லை, மூன்று சாதா சிலிக்கான் டயோடுகளை வரிசையாகப் போட்டு எடுத்திருக்கிறார்கள். சூடானால் டயோடு ஒவ்வொன்றும் டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் இறங்கும், மூன்றுக்கும் ஆறு. பெட்டிக்குள் பத்து டிகிரி ஏறினால் அளவு மூன்று சதவீதத்துக்கு மேல் தப்பு, ஓவன் 100 டிகிரியில் இருக்க திரை 103 என்று சாதிக்கும். ஜாய்ஸ்டிக்குக்காக வைத்த போர்ட் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது, ஆனால் அளவுக் கருவி என்று நினைத்து வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழி சுலபம்: நாலாவது சேனலில் எல்எம்385 மாதிரி ஒரு ரெஃபரன்ஸ் சிப்பிலிருந்து நிலையான 1.235 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் சென்சார் எண்ணை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். டயோடு எப்படி ஆடினாலும் விகிதம் ஆடாது. ஒரு சேனல் போகிறது, போகட்டும்.

நினைவகத்தைப் பற்றிப் பெரிதாக அழ வேண்டியதில்லை. டெலிடெக்ஸ்ட் திரையான மோட் 7 ஒரே ஒரு கிலோபைட்தான் தின்னும், டிஸ்க் வசதிக்கு எடுத்தது போக 25 ஆயிரம் பைட் சொச்சம் நமக்கு மிஞ்சும், டெஸ்ட் புரோகிராமுக்கு அது மாளிகை. கிராஃப் வேண்டும் என்று 640க்கு 256 புள்ளி மோட் 0க்குப் போனால் திரையே 20 கிலோபைட்டை விழுங்கி, கையில் ஆறாயிரத்துக்கும் குறைவு. அதனால் நான் மோட் 7ல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, கிராஃப் வேலையை சீரியல் கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் தள்ளிவிடுகிறேன். ஆர்எஸ்423 என்ற இதன் சீரியல் போர்ட் சாதாரண யூஎஸ்பி-சீரியல் அடாப்டரோடு 9600 வேகத்தில் ஒழுங்காகப் பேசுகிறது, 19200க்கு அவர்களே உத்தரவாதம் தரவில்லை. அந்த ஐந்து பின் கனெக்டரைத் தலைகீழாகவும் செருக முடியும். இப்படி வடிவமைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு இது லாயக்கில்லை. தசம எண் ஒன்பது இலக்கம் வரை சரியாக வரும், கையால் போடும் கணக்குக்குப் போதும், ஆனால் ஆயிரம் புள்ளிக்கு எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடச் சொன்னால் டீக்கடை வரை போய் வரலாம். பைடியூப்டைரக்ட் என்று ஒன்று உண்டு, ராஸ்பெரி பையை, இரண்டாவது பிராசசருக்கென்று அடிப்பக்கத்தில் இருக்கும் டியூப் போர்ட்டில் மாட்டினால் அது நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வேக 6502 போல நடிக்கும். பிரமாதமான வேலைதான். எனக்கென்னவோ, அதை மாட்டிய நிமிடமே பழைய மெஷின் ராஸ்பெரி பைக்குக் கீபோர்டு ஆகிவிடுகிறது என்று படுகிறது, அதனால் மாட்டவில்லை. தமிழும் எதிர்பார்க்க வேண்டாம், எழுத்தை எட்டுக்கு எட்டு கட்டத்தில் நாமே வரையலாம் என்றாலும் ‘ணை’யை அதற்குள் அடக்கிக் காட்டுகிறவருக்கு நான் பரோட்டா வாங்கித் தருகிறேன்.

இப்போது வாங்குவது பற்றி. என்னுடையது இங்கிலாந்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. விற்றவர் முழுக்க டெஸ்ட் செய்தது என்று எழுதியிருந்தார், திறந்தால் பவர் சப்ளையில் நாற்பது வருடத்துக் காகித ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல் ஓடு விரிசல் விட்ட நிலையில் அப்படியே இருந்தன. இந்த மெஷினில் அது ஊரறிந்த வியாதி, விரிசல் வழியாக ஈரம் ஏறி, ஒருநாள் புகை நாற்றத்தோடு வெடிக்கும். அதனால் வாங்கியதும் சுவிட்ச் போடாதீர்கள், முதலில் அந்த இரண்டையும் மாற்றுங்கள், சொற்பக் காசு. வீடியோ யூஎல்ஏ சிப் பழைய வகையாக இருந்தால் நன்றாகச் சுடும், ஹீட்சிங்க் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊர் ஏப்ரல் மாதத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். இன்றைய மானிட்டர் இதன் ஆர்ஜிபி சிக்னலை எடுக்காது, ஆர்ஜிபி-டு-ஹெச்டிஎம்ஐ போர்டு ஒன்று வேண்டும், படம் கண்ணாடி மாதிரி வரும்.

சேமிப்புக்கு இரண்டு வழி. மலிவானது யூசர் போர்ட்டில் செருகும் எஸ்டி கார்டு அடாப்டர், கேம் விளையாடுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். நம் வேலைக்கு அதுவே கூடாது, ரிலே மாட்ட வேண்டிய போர்ட்டையே அது பிடித்துக்கொள்கிறது. டிஸ்க் இன்டர்ஃபேஸ் உள்ள மெஷினாகப் பார்த்து எடுத்து, கோடெக் ஃப்ளாப்பி எமுலேட்டர் போட்டுப் பென் டிரைவில் சேமியுங்கள். மாடல் பி எல்லாவற்றிலும் டிஸ்க் இன்டர்ஃபேஸ் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

விலை குறைகிறதே என்று மாடல் ஏ பக்கம் போகாதீர்கள், 16 கிலோபைட் மட்டும், யூசர் போர்ட்டுக்கும் அனலாக்குக்கும் உரிய சிப்பே இருக்காது. மாறாக 1986ல் வந்த மாஸ்டர் 128 கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுக்கலாம்: டிஸ்க் இன்டர்ஃபேஸ் கூடவே வருகிறது, 128 கிலோபைட், அதே யூசர் போர்ட், அதே அனலாக் போர்ட், மெயின்ஸ் போனாலும் ஓடும் கடிகாரம் இருப்பதால் ஓவன் பதிவில் நேரமும் தானாக விழும். அந்தக் கடிகாரத்துக்கு உள்ளே பென்சில் பேட்டரிகள் இருக்கும், அவை ஒழுகி போர்டை அரித்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றி எடுத்த போட்டோவை விற்கிறவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.