பழைய டெஸ்க்டாப்புல டெபியன், எட்டு வருச அனுபவம்: இடி, எலி, கேபிள்

2017 கடைசியில மலேசியா ஈப்போவுல ஒரு பழைய சாமான் கடையில 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டெஸ்க்டாப் வாங்குனேன், ஏதோ ஆபீஸ்ல பாவிச்சுக் கழிச்சது. விண்டோஸ் லைசென்சுக்கு வேற காசு போட வேணாம்னு டெபியன் 9 ஏத்துனேன், அது லினக்ஸ்ல ஒரு வகை, இலவச சிஸ்டம். அதே மெசின்தான் இன்னிக்கும் ஹால்ல ஓடுது, இடையில 10, 11, 12னு ஏத்திக்கிட்டே வந்துட்டேன், பசங்க பாடம், அம்மாவோட வீடியோ கால், என் கணக்கு வழக்கு எல்லாம் அதுலதான். நான் இருக்குறது சுங்கை சிப்புட் பக்கம், அப்பா தோட்டத்துல பால் வெட்டுன காலத்துல பின்னால ரப்பர் மரமா இருந்துச்சு, இப்ப கண்ணுக்கெட்டுற தூரம் செம்பனை, அதாவது பாம் ஆயில் மரம். "லினக்ஸை நம்பி வீட்டுல வைக்கலாமா அண்ணே"ன்னு எங்க தாமான்ல (குடியிருப்பு) ரெண்டு மூனு தம்பிங்க கேட்டுட்டாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

சுருக்கமா சொன்னா வைக்கலாம். எனக்கு வந்த தொல்லையில முக்காவாசி சிஸ்டத்தால வந்ததே இல்ல, இந்த ஊரு மழையும் எலியும் பண்ண வேலை. ஆனா எது கெட்டுச்சுன்னு கேட்டா இந்த சிஸ்டம் மறைக்காம சொல்லும், அதுதான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது.

முதல் அடி 2019ல, சாயங்கால மழை, பெரிய இடி. பவர் பிளக்கைப் புடுங்கிட்டேன், ஆனா போன் லைன் மோடத்துல இருந்து வர்ற நெட் கேபிளைப் புடுங்கல. அப்ப செம்புக் கம்பி லைன்தான், கரண்ட்டு அந்த வழியா உள்ள வந்துருச்சு. மறுநாள் மெசின் நல்லா ஆன் ஆச்சு, நெட் மட்டும் இல்ல. நெட் கார்டு நிலவரம் காட்டுற ஐபி ஏ கமாண்ட் போட்டா நோ கேரியர்னு வருது, அதாவது கேபிள்ல சிக்னலே இல்ல, வேற கேபிள் மாத்துனாலும் போர்ட்ல லைட்டு எரியல. உள்ள என்னென்ன கார்டு இருக்குன்னு சொல்ற எல்எஸ்பிசிஐ போட்டா கார்டு இருக்குன்னுதான் காட்டுது. அதாவது சிப்புக்கு உயிர் இருக்கு, வெளிய பேசுற பக்கம் மட்டும் கருகிப் போச்சு. 35 வெள்ளிக்கு தனி நெட் கார்டு ஒன்னு வாங்கி சொருகுனேன், அப்பவும் நெட் வரல! இதுலதான் ஒரு ராத்திரி முழுக்கப் போச்சு. காரணம் பேரு. டெபியன் 9ல இருந்து நெட் கார்டுக்கு ஈத்0ன்னு பேரு வைக்காம, அது உக்காந்திருக்குற இடத்தை வச்சு என்ப்2எஸ்0 மாதிரி பேரு வைக்கும். பி பக்கத்துல இருக்குறது பிசிஐ பஸ் நம்பர் (போர்டுல கார்டுங்க சேர்ற பாதை), எஸ் பக்கத்துல இருக்குறது ஸ்லாட். புது கார்டு சொருகுனதும் பஸ் நம்பர் தள்ளிப் போயி பழைய கார்டு 3 ஆயிருச்சு, புதுசு வேற நம்பர்ல வந்துச்சு, ஆனா நெட்வொர்க் ஃபோல்டருக்குள்ள இருக்குற இன்டர்ஃபேசஸ் பைல்ல பழைய பேரே கிடக்குது. பேரை மாத்தி எழுதி, போர்டுலயே இருந்த கருகுன கார்டை பயாஸ்ல (மெசின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்) ஆஃப் பண்ணதும் ஒரே நிமிசத்துல நெட் வந்துச்சு. கார்டு மாத்துனா முதல்ல ஐபி ஏ போட்டுப் பேரைப் பாருங்க, அப்புறம் மத்ததை நோண்டுங்க.

இப்ப ஃபைபர் வந்துருச்சு. கண்ணாடி இழையில கரண்ட்டு வராது, ஆனா மோடத்தோட அடாப்டர் பவர் லைன்லதானே இருக்கு, அதனால வானம் இருண்டா அதையும் சேர்த்துக் கழட்டிருவேன்.

ரெண்டாவது கதை எலி. செம்பனை இருக்குற இடத்துல எலி இல்லாம இருக்காது, தோட்டத்துலயே அதைப் புடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைக்கிறாங்க. அது எங்க வீட்டு சீலிங்குக்கும் வந்துருச்சு. 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருக்கேன், ஸ்பீடு டெஸ்ட் பண்ணா எப்பப் பார்த்தாலும் 94க்கு மேல போகல. நெட் கம்பெனிக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், எங்க பக்கம் எல்லாம் சரின்னாங்க. அப்புறம் கேபிள் என்ன வேகத்துல பேசுதுன்னு காட்டுற ஈத்டூல் கமாண்ட் போட்டுப் பார்த்தா ஸ்பீடு 100ன்னு நிக்குது, 1000 வரணும். அங்கேயே புரிஞ்சுருச்சு. கேபிளுக்குள்ள 8 கம்பி, ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும், 100க்கு 1, 2, 3, 6ன்னு நாலு கம்பி போதும், மீதியில ஒன்னு அறுந்தாலும் நெட் நிக்காது, 100க்கு எறங்கி ஓடும். அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. சீலிங்ல ஏறிப் பார்த்தா ஒரு இடத்துல நல்லா கொறிச்சு வச்சிருந்துச்சு. 12 மீட்டர் புதுக் கேபிள், பிளாஸ்டிக் பைப்புக்குள்ள விட்டு இழுத்தேன், ஈத்டூல்ல 1000 வந்துச்சு, ஸ்பீடும் பிளானுக்குக் கிட்ட வந்துருச்சு. கம்பெனி சொன்னது சரிதான், கோளாறு எங்க வீட்டுக்குள்ளதான்.

ஹார்ட் டிஸ்க் கதையைக் கட்டாயம் சொல்லணும். 2021ல மெசின் அப்பப்ப ரெண்டு நிமிசம் உறைஞ்சு போகும். கடையில கொண்டு போயி காட்டுனா "டிஸ்க் போச்சு லா, புதுசு போடுங்க"ன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து சிஸ்டம் எழுதி வைக்கிற குறிப்பை டிமெசேஜ் கமாண்ட்ல பார்த்தேன், ஹார்ட் ரிசெட்டிங் லிங்க், லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீடுன்னு வரிசையா ஓடுது, அதாவது டிஸ்க்கோட இணைப்பு அறுந்து அறுந்து வருது. டிஸ்க்கோட உடம்பு நிலையைச் சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் போட்டுப் பார்த்தா 5ம் நம்பர், அதாவது கெட்டுப் போயி மாத்துன செக்டர், சுழி. 197, சந்தேகத்துல நிக்குற செக்டர், அதுவும் சுழி. 199 மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. 199ங்கிறது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா கெட்டு வர்ற கணக்கு, பெரும்பாலும் கேபிள். 8 வெள்ளிக்கு சாட்டா கேபிள் மாத்துனேன், உறையுறது நின்னுருச்சு. அந்த 199 கணக்கு எறங்காது, ஏறாம நின்னா போதும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. அந்த டிஸ்க் இன்னும் ஓடுது, பேக்கப்பும் தனியா எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஈரத்துல ரேம் காண்டாக்ட் மங்கி பீப் சத்தம் வந்ததெல்லாம் சின்ன விசயம், பள்ளிக்கூட அழிரப்பரால தேச்சு திரும்ப சொருகுனா சரி.

நெட் இல்லன்னா நான் கீழ இருந்து மேல போவேன், போர்ட் லைட்டு, அப்புறம் ஐபி (மெசினோட நெட் நம்பர்) வந்திருக்கா, ரவுட்டரை பிங் பண்ணா, அதாவது கூப்பிட்டுப் பார்த்தா, பதில் வருதா, வெளிய இருக்குற கூகுளோட 8.8.8.8 பிங் ஆகுதா, கடைசியா ஒரு தளத்தோட பேரைப் போட்டு பிங். 8.8.8.8 வந்து பேரு மட்டும் வரலன்னா பேரை நம்பரா மாத்துற டிஎன்எஸ்தான் கோளாறு, ரிசால்வ் கான்ஃப் பைலைத் தொறந்து பாருங்க, கேபிளைத் தொட வேணாம். இந்த வரிசையைப் புடிச்சா அஞ்சு நிமிசத்துல எந்த எடத்துல அறுந்துச்சுன்னு தெரிஞ்சுரும், என் பொண்ணுக்கே பத்து வயசுல சொல்லிக் குடுத்துட்டேன்.

குறை இல்லாம இல்ல. மாடி ரூமுக்கு ஒரு பழைய லேப்டாப் வச்சேன், அதுலயும் டெபியன்தான், அதுக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குனேன், அதோட டிரைவர் கெர்னல்ல (சிஸ்டத்தோட அடிப்படைப் பகுதி) இல்ல, வெளிய இருந்து எடுத்து நாமே கம்பைல் பண்ணி உருவாக்கணும். கெர்னல் அப்டேட் வந்த சில தடவ அது உடைஞ்சுரும், நெட் வந்தாத்தான் சரி பண்ண முடியும், சரி பண்ணாத்தான் நெட் வரும், ஒவ்வொரு தடவையும் கைப்பேசியோட நெட்டை யுஎஸ்பி வழியா குடுத்துத்தான் மீட்டேன். வைஃபை வாங்குறவங்க, டிரைவர் கெர்னல்லயே இருக்கான்னு சிப்பு நம்பரை வச்சுத் தேடிட்டு வாங்குங்க. முன்ன இன்ஸ்டால் பண்ணும்போதே வைஃபை மாதிரி சாமானுக்கு உள்ள ஓடுற ஃபர்ம்வேர் பைல் இல்லாம கை கட்டி நிக்கணும், 2022ல டெபியன்காரங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணி, 2023ல வந்த 12ல இருந்து அதை இன்ஸ்டாலர்லயே சேர்த்துட்டாங்க, புதுசா ஏத்துறவங்களுக்கு அது பெரிய உதவி.

நான் அந்த டாங்கிளைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டு மாடிக்கும் கேபிளே இழுத்துட்டேன், பைப்புக்குள்ள விட்டுத்தான்.