கொன்சர்ட்டுக்கும் அனிமேவுக்கும் எந்த ஊர்? கொழும்பு முஸ்லிம் இரசிகர்களுக்கு ஓர் ஒப்பீடு

தெமட்டகொடை, வெள்ளவத்தை, தெஹிவளை என்று எங்கே கேட்டாலும் கே-பொப் (கொரியப் பாட்டு) பைத்தியமாகவோ அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பைத்தியமாகவோ ஒரு பிள்ளை இருக்கும். பிடித்த குழுவை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும், டோக்கியோவின் அனிமேக் கடைப்பேட்டையான அகிஹபாராவில் ஒரு நாளாவது சுற்றவேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். காசு சேர்ந்ததும் எந்த ஊர் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். உம்மா கேட்கும் முதல் கேள்வி சாப்பாடு, வாப்பா கேட்கும் முதல் கேள்வி தொழுகை.

ஊரைத் தெரிவுசெய்யும்போது பெரும்பாலானோர் அங்கே எத்தனை ஹலால் கடை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கையால் பெரிய பயனில்லை. சியோலிலும் சரி, டோக்கியோவிலும் சரி, ஹலால் கடைகள் தாராளமாகவே இருக்கின்றன. கொன்சர்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு அரங்கை விட்டு வெளியே வருகிறீர்கள். பசி, மஃரிபும் இஷாவும் பாக்கி. அந்த வாசலிலிருந்து தொழவும் சாப்பிடவும் எவ்வளவு தூரம் போகவேண்டும்? நான் ஊர்களை ஒப்பிடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான்.

இசை கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. போவதென்று முடிவெடுத்த ஒருவர் தொழுகையையும் ஹலாலையும் விடாமல் போய்வருவது எப்படி என்பதே இங்கே பேச்சு.

முதல் பயணம் என்றால் என் தெரிவு கோலாலம்பூர். கட்டுநாயக்கவிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. விமானங்கள் நிறைய, டிக்கெட்டும் மற்ற ஊர்களைவிட மலிவு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இ-விசா எடுக்கவேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பவேண்டும். அவ்வளவுதான். பெரிய கே-பொப் குழுக்கள் பாடும் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்துக்கும் பக்கத்திலுள்ள யூனிஃபை அரங்கத்துக்கும் (முன்பு அக்ஸியாட்டா அரங்கம்) எல்ஆர்டி ரயில் வாசலுக்கே போகிறது. பிளாக்பிங்க் 2023 மார்ச்சில் பாடியதும் அந்தத் தேசிய அரங்கில்தான். மலேசியாவில் மால் என்றால் உள்ளே சுராவ் எனப்படும் தொழுகை அறை இருக்கும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, வுழூ செய்யும் இடத்தோடு. பெண்கள் பக்கத்தில் தொழுகை உடுப்பும் தொங்கும். அரங்கத்தைச் சுற்றி நாள் முழுக்கக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, வேறு ஊரில் வுழூவுக்குத் தண்ணீர் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அனிமே பக்கம் என்றால் டிசம்பரில் கேஎல்சிசி மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொமிக் ஃபியெஸ்டா. மண்டபத்திலிருந்து பூங்காவைக் கடந்தால் அஸ்-ஸியாகிரின் பள்ளிவாசல். நான் சொன்ன அளவுகோலில் இதை வெல்ல வேறு இடமே இல்லை: விழா, பள்ளி, சாப்பாடு மூன்றும் நடக்கும் தூரத்தில். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹிஜாபையே வேடத்தின் பகுதியாக்கி கொஸ்பிளே செய்யும் பெண்கள் அங்கே ஏராளம். துணியின் நிறத்தாலும் மடிப்பாலும் அந்தப் பாத்திரத்தின் தலைமுடியைக் காட்டிவிடுகிறார்கள். கொழும்பில் வேடம் போட ஆசைப்பட்டு, எப்படி என்று தெரியாமல் தயங்கும் தங்கச்சிமார் ஒருமுறை அதைப் பார்க்கவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மலேசிய அரசின் ஜாகிம் ஹலால் இலச்சினை எங்கும் கண்ணில் படும். மாமாக் கடைகளில் நேரம் காலம் கிடையாது. கொன்சர்ட் முடிந்து நள்ளிரவில் போனாலும் ரொட்டி சானாய் சூடாகக் கல்லில் கிடக்கும். இந்தக் கடைகளைப் பெரும்பாலும் நடத்துவது தமிழ் முஸ்லிம்கள். "நானா, ஒரு நாசி கண்டார், குழம்பு கூட ஊத்துங்க" என்று தமிழிலேயே சொல்லலாம்.

கோலாலம்பூரின் குறை ஒன்றுதான். அது கொன்சர்ட் நடக்கும் ஊர், கே-பொப் பிறந்த ஊர் இல்லை. நிறுவனங்களின் கட்டடங்களையோ நாடகங்களில் பார்த்த தெருக்களையோ பார்க்க ஆசைப்படுபவருக்கு அது போதாது.

சிங்கப்பூரைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நமக்கு விசா தேவையில்லை, எஸ்ஜி வருகை அட்டை போதும். உலகச் சுற்றுப்பயணங்களில் தென்கிழக்காசியாவுக்கு ஒரே ஊர் என்றால் பலமுறை அது இங்கேதான் வந்து நிற்கிறது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடியது இங்கே. நவம்பரில் சன்டெக்கில் அனிமே விழாவும் உண்டு. சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றமான மூயிஸின் ஹலால் சான்று நம்பகமானது. சுல்தான் பள்ளிக்கு எதிரே முர்தபா சாப்பிடலாம். சைனாடவுனில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளியில் ஜும்ஆ குத்பாவைத் தமிழில் கேட்கலாம். ஆனால் தங்குமிடம் விலை கூட. கொன்சர்ட் வாரத்தில் இன்னும் ஏறும். இரண்டு இரவுக்கு மேல் நிற்கும் ஊராக நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். பாங்கொக், நான் சொன்ன அளவுகோலில் பாதிதான் தேறும். ராஜமங்கலா அரங்கம் இருக்கும் ராம்கம்ஹேங் பக்கம் முஸ்லிம்கள் நிறைய வாழ்வதால் பள்ளியும் சாப்பாடும் பக்கத்திலேயே. இம்பெக்ட் அரங்கமோ நகரத்துக்கு வெளியே, நொந்தபுரியில். டிக்கெட்டில் அரங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி டோக்கியோவும் சியோலும். இரண்டுக்கும் விசா வேண்டும், இரண்டு தூதரகமும் கொழும்பு 7இல். வங்கிக் கணக்கு விவரம், வேலைக் கடிதம், பயணத் திட்டம் எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். டிக்கெட் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் விசாவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஸ்ரீலங்கன் இரண்டு ஊருக்கும் நேரடியாகப் பறக்கிறது, தினமும் இல்லை. அதனால் திகதிகளை விமானத்துக்கு ஏற்பத்தான் அமைக்கவேண்டி வரும்.

ஹலால் விஷயத்தில் டோக்கியோ கஷ்டம், சியோல் லேசு என்று கொழும்பில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. காரணம், டோக்கியோவில் இரசிகர் சுற்றும் பேட்டைகளுக்குப் பக்கத்திலேயே நமக்கு வேண்டியவை இருக்கின்றன. அகிஹபாராவில் கோகோ இச்சிபான்யா கறிக்கடைக்கு ஹலால் கிளை ஒன்று உண்டு. பொம்மைக் கடைகளில் காலை முழுக்கச் செலவழித்துவிட்டு அங்கேயே சோறும் கறியும் சாப்பிடலாம். டோக்கியோ டோம் அரங்கிலிருந்து அகிஹபாரா ரயிலில் இரண்டே நிறுத்தம். பெண் இரசிகைகள் அதிகம் போகும் இகெபுகுரோவிலிருந்து யமனோதே ரயிலில் அடுத்த நிறுத்தம் ஒட்சுகா. அங்கே ஒட்சுகா பள்ளி இருக்கிறது. ஷின்-ஒகுபோ இன்னும் விசேஷம். டோக்கியோவின் கொரியப் பேட்டை அதுதான். கே-பொப் அட்டைகளும் லைட்ஸ்டிக்குகளும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அதே நிலையத்தின் இன்னொரு பக்கம் ஹலால் மளிகைக் கடைகள் நிறைந்த சந்து, பிரியாணிக் கடைகள், மாடியில் சிறிய தொழுகையிடம். கே-பொப் இரசிகரும் அனிமே இரசிகரும் ஒன்றாகப் போனால் தங்குவதற்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். யோயோகி-உவெஹாராவில் டோக்கியோ ஜாமியும் இருக்கிறது. இப்போதிருக்கும் கட்டடம் 2000இல் திறந்தது, ஒத்தோமான் பாணியில் கட்டியது. தொழுகைக்கு மட்டுமின்றிப் பார்ப்பதற்காகவே போகலாம்.

கழிவறையில் தண்ணீர் என்பது நமக்குச் சின்ன விஷயமில்லை. ஜப்பானில் மால்களிலும் ஹோட்டல்களிலும் தண்ணீர் பீச்சும் இருக்கைகள் சர்வசாதாரணம். கொரியாவில் பொதுக் கழிவறைகளில் அதை எதிர்பார்க்கமுடியாது. ஒரு சிறிய போத்தல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஜப்பானில் கவனிக்கவேண்டியது சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் மிரின், சாகே என்ற அரிசி மது வகைகள். மீன் சாப்பாடுதானே என்று எடுத்தால் அதன் சாற்றில் மிரின் இருக்கும். ராமென் என்றால் ஹலால் என்று அறிவித்த கடையில் மட்டும். அசாகுசாவில் அப்படிப்பட்டவை உண்டு. இரவுக் கடைகளில் வாங்கும் சோற்று உருண்டை, பாண் வகைகளுக்கு, பொதியின் பின்பக்கத்தைப் போன் கமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு எடுங்கள். அனிமேப் படங்கள் எடுக்கும் கிப்லி நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால் டிக்கெட் வாசலில் கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி அடுத்த மாதத்துக்கான விற்பனை இணையத்தில் தொடங்கும். ஜப்பானியக் கொன்சர்ட் டிக்கெட்டுகள் பலவற்றுக்குக் குலுக்கல் முறைதான், அதிலும் ஜப்பான் போன் இலக்கம் கேட்பார்கள். கொன்சர்ட்டுக்கென்றே டோக்கியோ போக நினைப்பவர் முதலில் உடைபடுவது இந்த இடத்தில்.

சியோலுக்கு வருவோம். ஒரு கே-பொப் இரசிகருக்கு அந்த ஊர் தரும் சந்தோஷத்தை வேறு எந்த ஊராலும் தரமுடியாது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. யொங்சானில் ஹைப் கட்டடம், சொங்சுவில் எஸ்எம், ஹப்ஜொங் பக்கம் வைஜி என்று கே-பொப் நிறுவனங்களை ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். பள்ளி இதெவொன் மேட்டில் இருக்கிறது, 1976இல் திறந்தது. அதைச் சுற்றிய தெருவில் ஹலால் கடைகள், கொரியச் சமையலையே ஹலாலாகத் தரும் கடைகளும் உண்டு. யொங்சானுக்கு அது பக்கம். ஆனால் பெரிய கொன்சர்ட்டுகள் நடக்கும் கேஎஸ்பிஓ டோம் ஹான் ஆற்றுக்கு அந்தக் கரையில், ஒலிம்பிக் பூங்காவில். கொச்சொக் ஸ்கை டோம் நகரத்தின் தென்மேற்கு மூலையில். கொன்சர்ட் முடிந்து கூட்டத்தோடு ரயில் மாறி இதெவொன் வந்துசேர்வதற்குள் பல கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும். அதனால் சியோலில் இராச்சாப்பாட்டைப் பகலிலேயே வாங்கிப் பொதிகட்டி வையுங்கள். ஓட்டலைவிடச் சமையலறையுள்ள தங்குமிடம் நல்லது. இங்கிருந்து மாசிச் சம்பலும் பிஸ்கட்டும் கொண்டுபோகலாம். இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுபோகவேண்டாம், கொரியாவும் ஜப்பானும் விமான நிலையத்திலேயே பறித்துவிடும்.

கொரியச் சுற்றுலா நிறுவனம் உணவகங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது: ஹலால் சான்று பெற்றவை, உரிமையாளரே ஹலால் என்று அறிவித்தவை, முஸ்லிம்களுக்கு ஏற்றவை, பன்றி இல்லாதவை. பட்டியலில் பெயர் இருந்தாலே ஹலால் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். மூன்றாம் வகையில் ஹலால் உணவு கிடைக்கும், ஆனால் அதே கடையில் மதுவும் விற்கலாம். நான்காம் வகையில் பன்றி இல்லை என்பது மட்டும்தான் உறுதி. கோழியும் மாடும் அறுக்கப்பட்ட முறைக்கு யாரும் பொறுப்பில்லை. இலங்கையின் எச்ஏசி ஹலால் இலச்சினையைப் பார்த்து வாங்கிப் பழகிய கொழும்புக் கண்ணுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபடாது.

நூடுல்ஸும் அப்படித்தான். கொழும்பில் கிடைக்கும் ஏற்றுமதி புல்டாக் பொதிகள் பலவற்றில் கொரிய முஸ்லிம் சம்மேளனத்தின் கேஎம்எஃப் முத்திரை இருக்கும். சியோல் கடையில் அதே கறுப்புப் பொதி, அதே கோழிப் படம். ஆனால் திருப்பிப் பார்த்தால் அந்த முத்திரை இருக்காது. அது உள்நாட்டுக்குச் செய்தது. பொதியின் முன்பக்கத்தைப் பார்த்து அள்ளிப்போட்டுக்கொண்டு வராதீர்கள்.

தொழுகையை வைத்துப் பார்த்தால் இன்னொரு வேறுபாடும் உண்டு, இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ. ஓர் ஊரில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் பயணிக்குரிய ஜம்உ (சேர்த்துத் தொழுவது), கஸ்ர் (சுருக்கித் தொழுவது) சலுகை அங்கே கிடையாது. கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வார இறுதிப் பயணம் போகிறவர் மஃரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்த்து, கொன்சர்ட் முடிந்தபின் தொழலாம். மஃரிப் நேரம் முடியுமுன் அதற்கான நிய்யத் மனதில் இருக்கவேண்டும். சியோலுக்கு ஒரு வாரம் என்று போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மஃரிபை அதன் நேரத்திலேயே தொழவேண்டும். ஜூன் மாதம் சியோலில் மஃரிப் எட்டு மணிக்குச் சற்று முன், அதாவது பாட்டு நடுவில். டிசம்பரில் ஐந்தேகால் அளவில் வந்துவிடும், உள்ளே போகுமுன் தொழுதுவிடலாம். ஒரு வாரம் தங்குவதென்றால் குளிர்காலக் கொன்சர்ட்டைப் பிடியுங்கள். கோடையில்தான் கிடைத்தது என்றால் மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதி வேண்டாம், வெளியே போய்வரக்கூடிய ஓர இருக்கையை எடுங்கள். அரங்கத்துக்குள் மீண்டும் விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பயணத் திகதிகளை ஆலிம் ஒருவரிடம் காட்டிச் சட்டத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது.

தனியாகப் போக வீட்டில் விடாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாப்பாவையோ நானாவையோ கூட்டிக்கொண்டு போவதென்றால் அவர்களுக்கும் அந்த ஊரில் வேலை இருக்கவேண்டும். கோலாலம்பூர் என்றால் மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைவீதியில் அவர்கள் பொழுது போய்விடும். டோக்கியோ என்றால் ஜாமி, அசாகுசா. சியோலில் நாமி தீவு எல்லோருக்கும் பிடிக்கும், தொழுகை அறையும் ஹலால் உணவகமும் தீவிலேயே இருக்கின்றன.

இப்போதே காசு கையில் இருப்பவர் என்றால், கொன்சர்ட் மட்டும் போதும் என்பவருக்குக் கோலாலம்பூர், அனிமே என்றால் கண்ணை மூடிக்கொண்டு டோக்கியோ. சியோல் கனவு உள்ளவர் முதலில் ஒரு முறை கோலாலம்பூரில் கொன்சர்ட் பார்த்துவிட்டு, கூட்டத்தில் தொழுகையையும் சாப்பாட்டையும் சமாளிக்கும் பழக்கம் வந்தபின் டிசம்பர் மாதமாகப் பார்த்து சியோலுக்கு விண்ணப்பியுங்கள். தங்குமிடத்தை இதெவொன் ரயில் நிலையத்தைச் சுற்றியே தேடுங்கள். பள்ளிக்குப் போகும் மேட்டுத் தெரு செங்குத்தானது. உம்மா கூட வருவதென்றால் மேட்டின் அடியில் இல்லாமல் மேலேயே அறை எடுங்கள்.