ஏப்ரலில் கேமராவோடு எங்கே: மவுண்ட் மோர்லாண்டா, மிட்லண்ட்ஸா, டிராக்கன்ஸ்பர்க்கா?

சித்திரை பிறந்தால் தமிழ்நாட்டில் வெயில் கொளுத்தும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நமக்கோ கோடை மழை ஓய்ந்து காற்று தெளியும் நேரம் அதுதான். மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை, இங்கத்திய இலையுதிர் காலத்தில், நாட்டுப்புறம் நிறம் மாறுவதைப் படம் பிடிக்க மூன்று இடங்கள் இருக்கின்றன.

கிட்டத்தில் இருப்பது மவுண்ட் மோர்லாண்ட், கிங் ஷாகா விமான நிலையத்தை ஒட்டிய நாணல் சதுப்பு. ஐரோப்பாவிலிருந்து வந்து கோடை முழுக்கத் தங்கும் தகைவிலான் குருவிகள் ஏப்ரலில் கிளம்பிவிடும், அதனால் இங்கே மார்ச்சிலேயே போய்விட வேண்டும். பொழுது சாயும்போது நாலா பக்கமிருந்தும் திரண்டு வந்து, லட்சக்கணக்கில் தலைக்கு மேலே சுற்றிவிட்டு, இருட்டும் சமயம் மொத்தமாக நாணலுக்குள் இறங்கும். கண்ணால் பார்க்க இதற்கு ஈடே இல்லை. படம் எடுப்பதுதான் கஷ்டம்: வெளிச்சம் குறைந்த பிறகுதான் கூட்டமே சேரும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200 தாண்டி ஏற்றினாலும் ஒரு குருவியாவது கூர்மையாக விழுவது பெரும்பாடு. பேசாமல் ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கி, சிவந்த மேற்கு வானத்தில் இறக்கைகள் கோடு கோடாக விழட்டும் என்று விட்டுவிடுங்கள். சில வருடம் குருவிகள் வேறு சதுப்புக்கு மாறிவிடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

மிட்லண்ட்ஸ் சுலபம். என்3 சாலையில் ஹோவிக், அதைத் தாண்டினால் நாட்டிங்ஹம் ரோடு என்கிற ஊர். ஏப்ரல் கடைசியில் ஓக், பிளேன், லிக்விடாம்பர் மரங்கள் எல்லாம் மஞ்சளும் செம்புமாக நிற்கும், போன் மட்டும் வைத்திருப்பவருக்குக்கூட நல்ல படம் கிடைக்கும். ஆனால் அவை எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். இந்த மண்ணின் இலையுதிர் காலம் அவற்றில் இல்லை என்பதே என் எண்ணம். அங்கே போனால் கார்க்லூஃப் ஈரநிலத்தையும் விடாதீர்கள், தேசியப் பறவையான நீலக் கொக்கைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

எனக்கு டிராக்கன்ஸ்பர்க் மலைதான். இங்கே பருவம் மாறுவது புல்லில் தெரியும். கோடையில் பச்சையாக இருந்த மலைச்சரிவு ஏப்ரலில் செங்காவி நிறத்துக்கு மாறும். காரணம் ரோய்க்ராஸ் என்கிற சிவப்புப் புல். மண்டியிட்டு மேக்ரோ லென்ஸில் பாருங்கள்: விதையின் நுனியில் நீளமாக ஒரு கறுப்பு முள் முறுக்கிக்கொண்டு இருக்கும், ஈரம் பட்டால் அது சுழன்று விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும். காலைப் பனித்துளியோடு, சூரியனைப் புல்லுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் ஒவ்வொரு கதிரும் எரிவதுபோல் தெரியும். ராயல் நேட்டால் பூங்காவிலிருந்து தெரியும் ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவர் சுமார் 5 கிலோமீட்டர் நீளம், காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும், சாயங்காலம் போனால் சுவர் நிழலுக்குள் போயிருக்கும். டர்பனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும், அதனால் ஒரு ராத்திரி அங்கேயே தங்கினால்தான் சரி.

தங்க முடியாது, சின்னப் பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் மிட்லண்ட்ஸ் போதும். மலைக்குப் போவதாக இருந்தால் மே நடுவுக்குள் போய்விடுங்கள், அப்புறம் தீத்தடுப்புக்காகப் புல்லைக் கொளுத்தத் தொடங்கினால் தூரத்து மலையெல்லாம் புகைக்குள் மங்கிவிடும்.